ராத்திரிக்கு ஒரு சாட்சி

அத்தியாயம் 11

"ராத்திரி உங்க பக்கத்துல யாரும்மா படுக்கறாங்க?"

டாக்டர் சிவரஞ்சனி சாதாரணமாகத்தான் கேட்டார். அனுசுயாவுக்குத்தான் காது மடல் சூடானது. ஐம்பத்தோரு வயதில், பெரம்பலூர் கிளினிக்கில், வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு கேள்வியா?

"வூட்டுக்காரருதாங்க" என்றாள். அது பொய்யாகிவிடுமே என்று உடனே திருத்தினாள். "அவருக்கு நைட் ஷிப்ட்டுங்க. தை மாசத்துலேர்ந்து. வாரத்துல ஆறு நாளு நான் மட்டுந்தான்."

அனுசுயா இங்கே வந்து உட்கார்ந்த காரணம் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பதினெட்டு வருடமாக அங்கன்வாடி டீச்சர். ஒரு பிள்ளையின் மூக்கு ஒழுகினால்கூட முதலில் அவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவள் பட்டப்பகலில், பிள்ளைகளுக்கு நடுவில், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். குட்டி மேகலா செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு நடந்துவிட்டாள். ஷேர் ஆட்டோக்காரர் சரியான நேரத்தில் பிரேக் போட்டார். அவர் நல்லவர், பிரேக்கும் நல்ல பிரேக்.

"டாக்டர்கிட்ட காட்டி, பேப்பரோட வாங்க டீச்சர். அதுவரைக்கும் பிள்ளைங்களோட உங்களைத் தனியா விட முடியாது" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பரிதாபப்பட்டுச் சொன்னதுதான் வலித்தது.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?" என்றார் டாக்டர்.

"அவருக்கு டப்பா கட்டிக் குடுத்துடுவேங்க. இட்லி, சப்பாத்தி, எதுனா. அவரு ஏழரைக்கு வண்டிய எடுத்ததும் ஒத்தை ஆளுக்குத் தட்டுப் போட மனசே வராது. அரை தோசை. சில நாளு மோரக் குடிச்சிட்டுப் படுத்துருவேன்."

"சர்க்கரை மாத்திரை?"

"அத மட்டும் விடவே மாட்டேங்க" என்றாள் பெருமையாக.

டாக்டரிடம் மறைப்பதில் நம்மவர்களுக்கு ஒரு முறை உண்டு. இனிப்பு தின்றதை மறைப்போம். பட்டினி கிடந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதாம்மா தப்பு. சோறு இல்லாம இந்த மாத்திரை மட்டும் உள்ள போனா, நடுராத்திரி சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கெட்ட கனவு வரும். சிலபேர் கத்துவாங்க. பக்கத்துல இருக்கற ஆளையே தெரியாது. காலையில ஒண்ணும் ஞாபகம் இருக்காது. தலைவலி மட்டும் இருக்கும்."

தலைவலி இருந்தது. ஒரு வருடமாக இருக்கிறது. தைலம் தீர்ந்தால் தைலம் வாங்கினாளே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று அவள் யோசித்ததில்லை.

"அது ஒண்ணு. இன்னொரு சந்தேகமும் இருக்கு. குறட்டை விடுவீங்களா?"

"தெரியலீங்களே."

"அதத்தான் சொல்றேன். சர்க்கரை இருக்கற நெறைய பேருக்கு, தூக்கத்துல மூச்சு கொஞ்ச நேரம் நின்னு நின்னு வரும். தூங்கின மாதிரியே இருக்கும், ஆனா உடம்பு தூங்கியிருக்காது. அதான் பகல்ல கண்ணு சொருகுது. திருச்சிக்கு எழுதித் தந்து, ஒரு ராத்திரி தங்க வெச்சு டெஸ்ட் எடுக்கணும். அதுக்கு முன்னால உங்களைத் தூக்கத்துல பார்த்த ஆள் வந்து எங்கிட்ட சொல்லணும். உங்க ராத்திரி உங்களுக்குத் தெரியாதும்மா. அதுக்கு ஒரு சாட்சி வேணும்."

டாக்டர் ராத்திரி மாத்திரையை மாற்றினார். சாப்பிடாமல் படுக்கவே கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். பிறகு லெட்டர் பேடை இழுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஆலைக்கு ஒரு லெட்டர் தரேன். கொஞ்ச நாளைக்கு அவருக்கு நைட் ஷிப்ட் போட வேணாம்னு. ராத்திரி நீங்க தனியா இருக்கவே கூடாது. தெரியுதா?"

அனுசுயா அந்தக் கவரைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து போனை எடுத்தாள். புருஷன் இளையபெருமாளின் பெயர் வரை விரல் போனது, நின்றது. ஓவர்டைமும் பார்த்துவிட்டு, தினமும் இவள் வேலைக்குக் கிளம்பின பிறகுதான் வந்து சேருவார்; இந்நேரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். ராத்திரி முழுக்க சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் நின்ற மனுஷன். நேற்றுச் சாயங்காலம், "நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார். "நீங்க தூங்குங்க, நான் பார்த்துக்கறேன்" என்று இவள்தான் சொன்னாள். சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பாவம், எத்தனை அசதியோ என்று அப்போது நினைத்தாள்.

அவர் கேட்கமாட்டார். ஆலையில் யாரிடமும் எதுவும் கேட்டு வாங்கத் தெரியாத ஆள். இந்த லெட்டரைக் கொடுத்தால் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைத்துவிடுவார். இன்று எப்படியும் லீவு. நாமே அரியலூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் என்ன?

அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. அனுசுயா பாதி வழி தூங்கினாள். மீதி வழி, இன்று சாயங்காலம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். 'இனிமே ராத்திரி டப்பா கட்ட வேணாம், ரெண்டு தட்டு போடப் போறேன்' என்று சொல்லலாம். அதை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஆலை கேட்டில் பெயரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, ஷிப்ட் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸுக்குப் போனபோது மணி பன்னிரண்டு. மேஜைக்குப் பின்னால் இருந்த நடராசன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பேக்கிங் இளையபெருமாள் வூட்டம்மாவா? ஒடம்பு இப்ப தேவலாமா?"

தன் உடம்பைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு கவரை நீட்டினாள்.

நடராசன் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எதுக்கும்மா இப்ப?"

"நைட் ஷிப்ட் வேணாம்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க சார். பகல்ல மாத்திக் குடுத்தீங்கன்னா..."

"அவரு பகல்லதானே இருக்காரு."

அனுசுயா சிரித்தாள். பெயர் மாறிப்போச்சு போல. "இல்லீங்க சார். தையிலேர்ந்து அவருக்கு நைட்டு."

"தையிலேர்ந்துதான் முதல் ஷிப்ட். காலையில ஆறு, மத்தியானம் ரெண்டு. இதோ, இப்பக்கூட உள்ளதான் இருக்காரு. கூப்பிடட்டுமா?"

"வேணாம்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

நடராசன் நல்ல மனிதர். நல்லவர்கள் சில நேரம் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டார்கள். அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து, தாளைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"உங்களுக்காகத்தானேம்மா அவரு ஷிப்ட் மாத்தி வாங்குனாரு. ராத்திரி பக்கத்துலயே ஆள் இருக்கணும்னு எழுதிக் குடுத்தாரு. மேனேஜரு படிச்சிட்டு அன்னிக்கே கையெழுத்துப் போட்டாரு. அப்பறம் நீங்க குடும்பத்தோட இங்க அரியலூருக்கே வந்துட்டீங்களாமே, அவரு தங்கச்சி வூட்டுக்கு? வேன் லிஸ்ட்டுல அந்தத் தெருதானே இருக்கு."

எழுத்து அவருடையதுதான். 'ழ'வுக்குக் கீழே ஒரு சுழி கூடுதலாகப் போடுவார். கல்யாணமான புதிதில் அதைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

'ஐயா, என் மனைவி அனுசுயா ஆறு வருடமாக சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சில மாதமாக இரவில் தூக்கம் இல்லை. நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறார். இரண்டு மணிக்கு மேல் சேலை நனையும் அளவு வியர்த்து, கை கால் நடுங்கி, கண் திறந்திருந்தும் ஆள் தெரியாமல் கத்துகிறார். மற்ற நேரத்தில் குறட்டை. குறட்டை திடீரென்று நின்று மூச்சும் நின்றுவிடும். நான் பக்கத்தில் இருந்து எண்ணுவேன். பெரும்பாலும் இருபதுக்குள் மூச்சு வந்துவிடும். ஒரு நாள் முப்பத்தி நாலு வரை எண்ணினேன். தோளில் தட்டினால் மூச்சு வருகிறது. தட்ட ஆள் வேண்டும். நான் இரவு வேலைக்கு வந்துவிட்டால் வீட்டில் வேறு யாரும் இல்லை. எனவே எனக்கு முதல் ஷிப்ட் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

டாக்டர் காலையில் கேட்ட அத்தனையும் இருந்தது. ஒன்றுகூட விடவில்லை. அவளுக்கே தெரியாத அவளுடைய ராத்திரி, ஏழு மாதமாக இந்த இரும்பு அலமாரியில் இருந்திருக்கிறது. மேனேஜர் படித்திருக்கிறார். நடராசன் படித்திருக்கிறார். அவள் பெயரைச் சொல்லி வாங்கிய ராத்திரிகளில் ஒன்றுகூட அவளிடம் வந்து சேரவில்லை.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் கெடைக்குமா சார்?" என்று கேட்டாள்.

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்தது பூமாலையின் வீடு. இளையபெருமாளின் ஒரே தங்கை. புருஷன் குவைத்தில் இருக்கிறார். அனுசுயா பொங்கலுக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. எப்போது வருவதாகச் சொன்னாலும் பூமாலைக்கு ஏதாவது வேலை இருந்தது, அல்லது ஊரில் இல்லை. இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

கதவு திறந்தே கிடந்தது. வாசலில் அவர் வண்டி. கொடியில் அவர் லுங்கி. காலையில் துவைத்தது, இன்னும் ஓரம் காயவில்லை.

"யாரு... அண்ணி!"

பூமாலை கையில் கரண்டியோடு வந்து அப்படியே நின்றாள். அனுசுயா அவளைத் தாண்டிப் பக்கத்து அறைக்குள் போனாள். ஒரு கட்டில். சுத்தமான விரிப்பு. தலைமாட்டில் ஃபேன். கட்டிலின் மேல் அவளுடைய இலவம்பஞ்சுத் தலையணை.

போன சித்திரையில் அவள் கையால் பஞ்சு அடைத்துத் தைத்த ஜோடியில் ஒன்று. 'ஆலையில ரெஸ்ட் ரூம்ல வெச்சிருக்கேன், கழுத்து வலிக்குது' என்று எடுத்துப் போனார். வெறும் பெஞ்சில் சாய்கிறாரே என்று அதற்கு இரண்டு உறைகூடத் தைத்துக் கொடுத்தாள். நீல உறை போட்டிருந்தது. மற்றது துவைத்து மடித்து ஜன்னலில் இருந்தது.

"உக்காருங்க அண்ணி, தண்ணி கொண்டாரேன்."

"ராத்திரி டப்பா எங்க திறப்பாரு? இங்கயா, அடுப்படியிலயா?"

பூமாலைக்கு அழுகை வந்துவிட்டது. "இங்கதான் அண்ணி. எனக்கும் ரெண்டு வெப்பாரு. நான் வேணாம்னுதான் சொல்லுவேன்..."

ஏழு மாதமாகச் சப்பாத்தி ஏன் நாலு போதவில்லை, ஆறு வேண்டும் என்றார் என்பதும் தெரிந்துபோயிற்று. ராத்திரி வேலைக்குப் பசிக்கும் என்று இவள் எட்டு வைத்திருக்கிறாள். தான் மோரைக் குடித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"தப்பா ஒண்ணும் இல்ல அண்ணி. உங்க மேல சத்தியமா, வேற ஒண்ணும் இல்ல. அண்ணன் வரும், சாப்புடும், படுத்துரும். அவ்வளவுதான். தூங்கத்தான் வருது."

"அவ்வளவுதானா" என்றாள் அனுசுயா.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது அவளும் வேறு எதையோதான் நினைத்தாள். வேறு ஒரு பொம்பளை, வேறு ஒரு குடும்பம் என்று என்னென்னவோ. அப்படி இருந்திருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியும். தெருவில் நின்று கத்தியிருப்பாள், அண்ணன் தம்பிகளைக் கூட்டியிருப்பாள். தூங்கப் போனவனை என்ன சொல்லிக் கேட்பது? கேட்கும்போதே வாய் கூசும் போலிருந்தது.

இரண்டே முக்காலுக்கு ஆலை வேன் வந்து நின்றது.

"பூமாலை, சோத்தைப் போடு, கெளம்பணும். நாலு மணிக்குள்ள வூட்ல..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் இளையபெருமாள். புருவத்தில் சிமெண்ட் தூசி. நாற்காலியில் அனுசுயா.

"எந்திரிச்சிட்டீங்களா?" என்றாள்.

தினமும் நாலரை மணிக்கு அங்கன்வாடியிலிருந்து வந்ததும் அவள் கேட்கும் கேள்வி. தினமும் அவர், 'இப்பத்தான்' என்பார். முகம்கூடக் கழுவிக்கொண்டு வருவார்.

இன்றைக்கு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அனுசுயா... நீ எப்படி... நான் சொல்லலாம்னுதான்..."

"ஏழு மாசமாவா சொல்ல வந்துக்கிட்டே இருந்தீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"மார்கழியில ஒரு ராத்திரி. உனக்கு ஞாபகம் இருக்காது. வேர்த்து நடுங்குனியேன்னு எழுப்புனேன். என்னைப் பார்த்து, 'கொல்றான், கொல்றான்'னு கத்துன. தெருவே வந்துருச்சு. எதுத்த வூட்டு வைரக்கண்ணு உன்னைப் புடிச்சிக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே... பக்கத்து வூட்டு பழனிவேலு என் சட்டையப் புடிச்சிட்டான். பொண்டாட்டிய அடிக்கறியாடான்னு. இருவத்தேழு வருசத்துல உன்மேல கை வெச்சிருப்பேனா நானு?"

இல்லை. ஒரு நாளும் இல்லை.

"அப்பறம்?"

"வைரக்கண்ணு சக்கரையப் போட்டு டீ குடுத்துச்சு. குடிச்ச, செத்த நேரத்துல சரியாப் போயி படுத்துட்ட. காலையில எந்திரிச்சு, தலை வலிக்குதுன்னு கோலம் போடப் போற. உனக்கு ஒண்ணுமே தெரியல."

டீயில் இருந்த சர்க்கரைதான் அவளைத் தெளிய வைத்தது என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அனுசுயாவுக்கு மட்டும் இன்று காலையிலிருந்து அது தெரியும்.

"காத்து கருப்புன்னு நெனச்சிட்டோம் அண்ணி" என்றாள் பூமாலை மூக்கை உறிஞ்சியபடி. "சொன்னா பயந்துக்குவீங்க, இன்னும் அதிகமாயிடும்னு எல்லாரும் சேந்துதான் சொல்ல வேணாம்னு..."

"எல்லாரும்னா?"

கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இளையபெருமாளின் வண்டி தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தெருவுக்குள் நுழைந்திருக்கும். எதிர்வீட்டு வைரக்கண்ணு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. எத்தனை நாள் அங்கன்வாடியிலிருந்து போன் செய்து, 'அக்கா, அவரு தூங்குறாரான்னு எட்டிப் பாருங்க, மழை வருது, கொடியில துணி கெடக்கு' என்று கேட்டிருப்பாள். 'ஆமா புள்ள, அசந்து தூங்குறாரு, நான் எடுத்துப் போடறேன்' என்பாள் வைரக்கண்ணு. தெருவே சேர்ந்து அவளுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறது.

"லெட்டரு எழுதுனப்ப நெசமாத்தான் எழுதுனேன்" என்றார் இளையபெருமாள். "சத்தியமா உன் பக்கத்துல இருக்கணும்னுதான் வாங்குனேன். ஷிப்ட்டு கெடைச்ச அன்னிக்கு வண்டி பஞ்சரு. இங்க வந்து தங்குனேன். படுத்தவன் விடியக்காலைலதான் கண்ணு முழிச்சேன். எத்தனையோ மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் தூங்குனேன் அனுசுயா. எண்ண வேண்டியதில்ல. எழுந்து பார்க்க வேண்டியதில்ல. மறுநாளு வூட்டுக்குத்தான் கெளம்புனேன். காலு வரல. இன்னும் ஒரே ஒரு நாளுன்னு நெனச்சேன்."

அந்தக் குரல் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னால் சண்டை போடலாம்.

"என்னைப் பார்த்துப் பயந்துட்டீங்க."

"உன்னைப் பார்த்து இல்ல..."

"என்னைப் பார்த்துத்தான். சரி, பயந்துட்டீங்க. எங்கிட்ட சொல்லியிருந்தா, நானே உங்களை மாடியில போய்ப் படுங்கன்னு சொல்லியிருப்பேன். வேற யாரையாச்சும் கூட வெச்சிருப்பேன். டாக்டர்கிட்ட அப்பவே போயிருப்பேன். மேகலாப்புள்ள ரோட்டுக்குப் போயிருக்காது." இந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. "வேற ஒருத்திகிட்ட போயிருந்தாக்கூட ஆத்திரம் மட்டுந்தான் வந்திருக்கும். மூச்சு நின்னுருதுன்னு தெரிஞ்சவரு. முப்பத்தி நாலு வரைக்கும் எண்ணுனவரு. எண்ணிட்டு, எழுதிட்டு, தலகாணிய எடுத்துக்கிட்டு வந்துட்டீங்களே."

இளையபெருமாள் அழுதார். அவர் அழுது அவள் பார்த்தது மாமனார் சாவுக்குத்தான். பூமாலை அண்ணனைப் பார்ப்பதா அண்ணியைப் பார்ப்பதா என்று தெரியாமல் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா, போலாம்" என்றார் அவர் எழுந்து. முகத்தைத் தோளில் துடைத்தார். "இன்னிலேர்ந்து அங்கதான் படுப்பேன். நாளைக்கே டாக்டர்கிட்ட வரேன். என்ன கேட்டாலும் சொல்றேன்."

அனுசுயா கைப்பையைத் திறந்து ஜெராக்ஸை எடுத்துக் காட்டினாள்.

"டாக்டரம்மா சாட்சி வேணும்னாங்க. நீங்க கைப்பட எழுதிக் குடுத்துட்டீங்க. இது போதும். ஆளு வேணாம்."

"அனுசுயா, கோவத்துல பேசாத. ராத்திரி நீ தனியா..."

"ஏழு மாசமா யாரு இருந்தா?"

அவள் பக்கத்து அறைக்குப் போனாள். தலையணையை எடுத்தாள். ஜன்னலில் இருந்த உறையையும் எடுத்து, கைப்பையில் திணித்தாள்.

"சிந்துவ மட்டும் ஒண்ணும் கேக்காத" என்றார் இளையபெருமாள் வாசல் வரை வந்து. "அது சின்னப் புள்ள."

அனுசுயா செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். கால் அப்படியே நின்றது. திருச்சியில் வேலை பார்த்து, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் மகளின் பெயரை அந்த வீட்டில் அதுவரை யாருமே எடுக்கவில்லை.

தலையணையை இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தவளைக் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். தலையணையில் அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை இருந்தது. இருபத்தேழு வருடத்து வாசனை. இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியும் கண் சொருகியது. இந்தப் பாழாய்ப்போன உடம்புக்கு மானம் ரோசம் ஒன்றும் கிடையாது, உட்கார்ந்தால் தூங்கப் பார்க்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பஸ் பேரளி ஊரை நெருங்கும்போது போன் அடித்தது. சிந்து.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அம்மா, அப்பா போன் பண்ணாரும்மா. அழுவுறாரு. நீ எங்கம்மா இருக்க?"

"உனக்குத் தெரியுமா சிந்து?"

"அம்மா, நான் சொல்றதை முழுசாக் கேளு..."

"தெரியுமா, தெரியாதா?"

பஸ் ஒரு லாரிக்கு வழிவிட்டு ஓரமாகப் போனது. சிந்து மூச்சை இழுப்பது கேட்டது.

"அப்பா பைக்ல வரப்ப தூங்கிட்டாரும்மா. மார்கழியிலயே. பள்ளத்துல வுழுந்து, தலையில தையல் போட்டு... உங்கிட்ட ஆலையில இடிச்சிக்கிட்டேன்னு பொய் சொன்னாரு. எனக்குப் பயம்மா இருந்துச்சு. எனக்கு வேற வழி தெரியல." அவள் விசும்பினாள். "அப்பா வூட்டுக்குத்தான் வரேன்னாரும்மா. அத்தை வூட்டுலயே படுத்துக்கங்கன்னு சொன்னது நான்தான்."

அனுசுயா போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள். அப்பாவுக்காக யோசித்திருக்கிறாள். நன்றாகத்தான் யோசித்திருக்கிறாள். பெற்றவள் ஒருத்தி ஊரில் தனியாகப் படுத்திருக்கிறாளே என்பது மட்டும் அந்த யோசனையில் எங்கேயும் வரவில்லை.

"எனக்கு மூச்சு நின்னுச்சுன்னா, யாரு தட்டுவாங்கன்னு நெனச்ச சிந்து?"

அனுசுயா காத்திருந்தாள். பிறகு அவளை அறியாமலே மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். முப்பத்தி நாலு வரை எண்ணினாள். சிந்து அப்போதும் பேசவில்லை.